புத்தகம் மாதிரி டேப் கவர் வாங்குவது எப்படி?

ஏற்காடு பஸ்ஸில் சன்னல் ஓர சீட். மடியில் டேப்லெட், அதாவது டேப். அதற்குப் பழைய கணக்குப் பேரேடு மாதிரி அரக்கு நிறக் கவர், முதுகில் பொன்னிறக் கோடுகள் வேறு. 14ஆவது கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்ப, நானும் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் கையில் கவர் மட்டும் இருக்கிறது. டேப் இரண்டு சீட் தள்ளி ஒருவருடைய செருப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறது. "தம்பி, இது உங்க ஸ்லேட்டுங்களா?" என்று எடுத்துக் கொடுத்தார். திரையின் ஒரு மூலையில் சிலந்தி வலை மாதிரி விரிசல். மேலே போக இன்னும் ஆறு வளைவு பாக்கி.

பார்க்க நல்ல கவர்தான் அது. ஆனால் டேப்பைப் பிடித்திருந்தவை நான்கு மூலைக்கு நான்கு எலாஸ்டிக் வார், அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அவை தளர்ந்துபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் வீட்டுக்கும் தெரிந்தவர்களுக்குமாக நாலைந்து கவர் தேடி வாங்கியாயிற்று. புதிதாக டேப் வாங்குகிறவர்களுக்காக, நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். புத்தகத் தோற்றம் கிட்டத்தட்ட கடைசியில்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: மாடல் எண்

கடையில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"அண்ணா, 10 இஞ்ச் டேப்புக்கு புக் கவர் இருக்குங்களா?"

"இருக்குங்க. 10 இஞ்ச் எல்லாம் ஒண்ணுதான், போட்டா செட் ஆயிரும்."

செட் ஆகாது. இஞ்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. டேப்பின் உடம்பு அளவு வேறு. ஐபேடையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறைக்குத் திரை 10.2 இஞ்ச், உடம்பு 250.6 × 174.1 மி.மீ., தடிமன் 7.5. அடுத்த ஆண்டு வந்த பத்தாம் தலைமுறைக்குத் திரை 10.9 இஞ்ச், உடம்பு 248.6 × 179.5 மி.மீ., தடிமன் 7. திரை பெரிதாகியிருக்கிறது, நீளம் 2 மி.மீ. குறைந்திருக்கிறது, அகலம் கூடியிருக்கிறது. ஒன்றின் கவர் மற்றதற்குச் சேராது. ஆனால் ஏழு, எட்டு, ஒன்பதாம் தலைமுறைகள் மூன்றுக்கும் ஒரே உடம்பு, ஒரே கவர் போதும்.

அதனால் செட்டிங்ஸில் 'டேப்பைப் பற்றி' என்ற இடத்துக்குப் போய் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்திலும் இருக்கலாம். சாம்சங் என்றால் எஸ்எம்-எக்ஸ்210 என்பது போல வரும், ஐபேட் என்றால் ஏ2602 என்பது போல. கவரின் அட்டைப் பெட்டியில் அந்த மாடல் போட்டிருக்க வேண்டும். '9 முதல் 11 இஞ்ச் வரை எல்லாவற்றுக்கும்' என்று போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். எல்லாருக்கும் தைத்த சட்டை யாருக்கும் சேராது.

இரண்டாம் படி: உள்ளே எது பிடித்திருக்கிறது?

என் திரை உடைந்தது இந்த ஒரு விஷயத்தைப் பார்க்காததால்தான். கவரைத் திறந்து, உள்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று எலாஸ்டிக் வார். பார்க்கப் புத்தகத்துக்கு மிக நெருக்கமாக இருப்பவை இந்த வகைதான், ஏனென்றால் உள்ளே வெறும் அட்டையும் துணியும் மட்டுமே. வார் தளர்ந்தால் கதை முடிந்தது. சில நேரம் அந்த வாரே பவர் பட்டன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். டேப் தானாக அணைகிறது, பழுது என்று நினைத்து சர்வீஸ் கடைக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது சட்டம். 2010இல் முதல் ஐபேட் வந்த அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் டோடோகேஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். உண்மையான புத்தக பைண்டிங் முறையில் அட்டை கட்டி, உள்ளே மூங்கிலில் கடைந்த சட்டத்தில் டேப்பைப் பொருத்தினார்கள். அழகான வேலை. நம் பக்கத்துக் கடைகளில் மூங்கில் எங்கே கிடைக்கும், அதன் இடத்தில் கெட்டி பிளாஸ்டிக் சட்டம் வரும். பிடி நன்றாக இருக்கும், ஆனால் கீழே விழுந்தால் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளாது, அப்படியே டேப்புக்குக் கடத்திவிடும்.

மூன்றாவது டிபியு எனும் ரப்பர் போன்ற பொருளில் செய்த கிண்ணம். போன் பேக் கவர் மாதிரி டேப்பின் முதுகையும் ஓரங்களையும் சுற்றிக் கவ்விக்கொள்ளும். அதைத்தான் புத்தக அட்டைக்குள் ஒட்டியிருப்பார்கள். வாங்குவதானால் இதை வாங்குங்கள். அட்டையோடு அது ஒட்டியிருக்கிற இடத்தை மட்டும் நகத்தால் மெல்லக் கிளப்பிப் பாருங்கள். கோந்து ஓரத்தில் விட்டிருந்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். டேப்பைப் போட்டு, கவரைத் திறந்து தலைகீழாகப் பிடியுங்கள். கீழே உங்கள் இன்னொரு கை இருக்கட்டும். மெதுவாக நாலு தரம் குலுக்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

மூன்றாம் படி: மூலையும் விளிம்பும்

டேப் பெரும்பாலும் தட்டையாக விழாது, மூலையில்தான் போய் இடிக்கும். விழுந்த வேகம் முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். கிண்ணத்தின் நான்கு மூலையும் மற்ற ஓரங்களைவிடச் சற்றுத் தடிப்பாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அடுத்தது விளிம்பு. டேப் குப்புற விழுந்தால் கண்ணாடி தரையைத் தொடக்கூடாது. திரைக்குக் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து, ஸ்கேலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஏடிஎம் கார்டை நுழையுங்கள். கார்டின் தடிமன் 0.76 மி.மீ. அது உரசாமல் போய் வந்தால் விளிம்பு போதுமான உயரம். டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவதாக இருந்தால் ஒட்டிவிட்டே சோதியுங்கள், கிளாஸே 0.3 மி.மீ. உயரத்தைத் தின்றுவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பேரேடு பைண்டிங் செய்கிற பெரியவர் ஒருவர் எனக்கு ஒன்று காட்டினார். கெட்டி அட்டை போட்ட எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அட்டை தாளைவிட மூன்று பக்கமும் 3 மி.மீ. போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "அது அழகுக்கு விடறதில்லீங்க தம்பி. தரையில இடிபடறது அட்டையாத்தான் இருக்கணும், தாளு இடிபடக் கூடாது" என்றார். டேப் கவரிலும் இதே கணக்குதான். மூடிய பிறகு அட்டையின் ஓரம் டேப்பின் ஓரத்தோடு சமமாக நின்றுவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

நான்காம் படி: முதுகு

பெரியவரிடம் கற்ற இன்னொன்று இது. பைண்டிங் செய்த நோட்டில் அட்டைக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும், பார்த்திருப்பீர்கள். அட்டை மடங்குவதற்கான இடம் அது. மலிவான டேப் கவர்களில் புத்தக முதுகு போல உருண்டையாகச் செய்வார்கள், பள்ளம் விட மாட்டார்கள். திறக்கும்போதெல்லாம் மேல் ரெக்சின் இழுபட்டு, சில மாதத்தில் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். கடையில் பத்து முறை திறந்து மூடுங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது வெடிக்கப் போகிற இடம்.

முன் அட்டையைப் பின்னால் முழுக்க மடக்கி ஒரு கையால் பிடிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். பஸ்ஸில் இது இல்லாமல் முடியாது. அப்படி மடக்கினால் பின் கேமரா மறைந்துவிடும் கவர்களும் உண்டு.

திரையில் எழுதும் பேனா இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். சில கவர்களில் முதுகுக்குள் பேனா செருக இடம் விட்டிருப்பார்கள், ஆனால் பேனா வைத்தால் கவர் மூடாது. சாம்சங் டேப் எஸ்9 மாதிரி மாடல்களில் பேனா பின்பக்கம் ஒட்டிக்கொண்டுதான் சார்ஜ் ஏறும், அதற்கு இடம் வெட்டிய கவராகப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: காந்தம்

மூடினால் திரை அணைவதும் திறந்தால் விழிப்பதும் கவரில் இருக்கும் சின்னக் காந்தத்தால். டேப்பின் ஓரத்தில் உள்ள உணரி அந்தக் காந்தத்தைக் கண்டுகொள்ளும். காந்தம் சரியான இடத்தில் இல்லையென்றால் இரண்டில் ஒன்று நடக்கும்: மூடியும் திரை எரிந்துகொண்டே இருக்கும், அல்லது அட்டையைப் பின்னால் மடக்கியதும் படித்துக்கொண்டிருக்கும்போதே அணையும். இரண்டையும் செய்து பாருங்கள்.

கவரின் உள்பையில் ஏடிஎம் கார்டு வைக்கும் பழக்கம் வேண்டாம். சிப்புக்கு ஒன்றும் ஆகாது, பின்பக்கக் கறுப்புப் பட்டை பாழாகலாம். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருந்தால் காந்தக் கவரை மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டாம், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும்.

ஆறாம் படி: ஊருக்கு ஒன்று, மலைக்கு ஒன்று

சேலமும் ஏற்காடும் பக்கத்துப் பக்கத்தில்தான், ஆனால் ஒரு கவர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி உழைப்பதில்லை.

பெட்டியில் 'பியு லெதர்' என்று இருந்தால் அது தோல் இல்லை. துணி மேல் பாலியூரித்தேன் பூசியது, நாம் பொதுவாக ரெக்சின் என்று சொல்லும் கூட்டம். ஈரமும் வியர்வையும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதைந்து செதில் செதிலாக உரியும். கறுப்புப் பொடி கையில் ஒட்டுகிறதே, அதுதான். சேலத்து வெயிலில் கை வியர்க்காத மாதங்கள் எத்தனை?

சரி, நிஜத் தோல் வாங்கலாம் என்றால், மலையில் அதற்கு வேறு எதிரி. ஐப்பசி கார்த்திகையில் ஏற்காட்டில் வீட்டுக்குள்ளேயே மேகம் வந்து போகும். பீரோவில் வைத்த பெல்ட் பூசணம் பூக்கிற ஊர், கவர் மட்டும் தப்புமா? மலையில் இருப்பவர்கள் தோல் கவரை வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, கழற்றி, காற்றாடத் திறந்து வைக்க வேண்டும். அந்த வேலை முடியாது என்றால் பைண்டிங் துணி மாதிரி நெய்த மேல்துணி போட்டதை எடுங்கள். அடர் நிறமாக எடுங்கள். வெளிர் நிறத்தில் வாங்கி, ஒரு கையில் பீட்ரூட் துருவல் வைத்த தட்டுவடை செட்டும் மறு கையில் டேப்புமாக இருந்து, பீட்ரூட் கறையை இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கும் ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

சித்திரை வைகாசியில் சேலத்தில் 40 டிகிரி வரும். ஐபேடை 35 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்பது ஆப்பிளின் குறிப்பு. கெட்டி அட்டைக் கவர் போர்வை மாதிரி சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். சார்ஜ் போடும்போது கவரைத் திறந்து வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டுப் போகவே போகாதீர்கள்.

ஏழாம் படி: எடை

ஒன்பதாம் தலைமுறை ஐபேட் கிட்டத்தட்ட அரைக் கிலோ. சில புத்தகக் கவர்களும் ஏறக்குறைய அதே எடை இருக்கும். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு கையில் பிடித்துப் படிப்பவர் என்றால் கவர் 300 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது என் கணக்கு. மேசையிலேயே வைத்துப் படம் பார்ப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எட்டாம் படி: இப்போது தோற்றம்

இதுவரை தேறிய இரண்டு மூன்று கவர்களில் பிடித்ததை எடுங்கள். அமெரிக்காவின் ட்வெல்வ் சவுத் நிறுவனம் புக்புக் என்று ஒன்று விற்றது. தேய்ந்த பழைய தோல் புத்தகம் மாதிரி, முதுகில் புடைப்புக் கோடுகளோடு, சுற்றிலும் ஜிப் வைத்தது. இங்கே கிடைக்கும் கவர்கள் சிலவும் அந்தச் சாயலில் இருக்கும். ஜிப் வைத்ததை எடுத்தால் பல் உள்பக்கம் திரையில் உரசுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

புத்தகத் தோற்றத்தில் நிஜமான லாபம் ஒன்று உண்டு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தூங்கினால் யார் கண்ணும் அதன் மேல் போகாது. பழைய பேரேட்டை யார் திருடுவார்கள்?

ஒன்பதாம் படி: வீட்டில் சொல்லிவிடுங்கள்

அதே தோற்றம் வீட்டில் வினையாகும். எங்கள் வீட்டில் அதன் மேல் சூடான காபி டம்ளரை வைத்திருக்கிறார்கள். அலமாரியில் பத்து கிலோ பழைய புத்தகங்களுக்கு அடியில் அடுக்கியிருக்கிறார்கள். திரை அழுத்தத்தில் போவதற்கு அதுவே போதும். பழைய பேப்பர்காரர் வரும் நாளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

போன சரஸ்வதி பூஜைக்கு அம்மா எல்லாப் புத்தகத்தோடும் சேர்த்து இதையும் அடுக்கி, முதுகில் சந்தனம் வைத்து, குங்குமமும் இட்டுவிட்டார். நான் பார்த்தபோது பூ சாத்தியாயிற்று. "அம்மா, அது டேப்புமா." "அதுல நீ படிக்கிறதில்லையா? விஜயதசமி காலைல பூஜை பண்ணிட்டு எடுத்துக்க." மறுநாள் விடிகாலை 5 மணிக்கு அடுக்கின் நடுவிலிருந்து என் அலாரம் அடிக்கத் தொடங்கியது. பூஜை முடியாமல் யாரும் தொடக்கூடாதாம். அதுவாக ஓயும்வரை எல்லோரும் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.