ஆன்லைன் ஏலத்துக்குப் படம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருத்தி சீசனில் கும்பகோணம், பாபநாசம் பக்கத்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வியாபாரி எடுத்த எடுப்பில் விலை எழுத மாட்டார். மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து விரலால் இழுத்துப் பார்ப்பார். ஈரம் இருக்கிறதா, இழை எவ்வளவு நீளம், மேலே நல்லதைப் போட்டு அடியில் கழிவை அமுக்கியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் விலையைப் பற்றியே யோசிப்பார். ஆன்லைன் ஏலத்தில் அந்தக் கை கிடையாது. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு நாச்சியார்கோவில் விளக்குக்கு விலை கேட்பவருக்கு நீங்கள் போடும் படம்தான் கை.

நிலையான விலைக்கு விற்கும் பொருள் என்றால் வாங்குபவர் நிதானமாகக் கேள்வி கேட்டு அடுத்த வாரம்கூட வாங்கலாம். ஏலத்துக்குக் கெடு உண்டு, விலை பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் ஏறும். அப்போது ‘அடியில் ஓட்டை இருக்குமோ’ என்று ஒருவருக்குத் தோன்றினால் உங்களிடம் கேட்டுப் பதில் வாங்க நேரமிருக்காது. ஓட்டை இருப்பதாகவே வைத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேட்பார், இல்லாவிட்டால் விலகிவிடுவார். அதனால் படம் எடுக்கும்போது அழகாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கேட்பவருக்கு இன்னும் என்ன சந்தேகம் மிச்சமிருக்கும் என்று யோசிப்பதுதான் காசாகும். நம் பக்கத்து விற்பனையாளர்கள் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவை.

வேறொன்றின் படத்தைப் போடுவது

இதைவிடப் பெரிய தவறு இல்லை. கடையில் ஒரே அளவில் நாலு விக்கிரகம் இருக்கிறது, ஒன்றை மட்டும் நன்றாகப் படம் பிடித்து நாலுக்கும் அதையே போடுகிறார்கள். சுவாமிமலையில் சிற்பம் உருவாகும் முறையைத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் தவறு என்று புரியும். ஸ்தபதி முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைப்பார். சூடாக்கி மெழுகை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார். ஆறியதும் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அச்சு ஒரு தடவைக்கு மேல் உதவாது. அதனால் ஒரே அளவில், ஒரே கையில் செய்த இரண்டு நடராஜர்கூட அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. விரல் மடங்கும் விதம், திருவாசியின் சுடர்கள், முகத்தின் களை எல்லாமே கொஞ்சம் மாறும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை அனுப்பினால் வாங்கியவருக்கு அது வேறு பொருள்தான்.

இணையத்திலிருந்து எடுத்த படமும், தயாரிப்பாளர் கொடுத்த விளம்பரப் படமும் அப்படியே. பழைய, பயன்படுத்திய பொருளுக்கு அப்படிப் போடக் கூடாது என்று, உலகம் முழுக்க ஆட்கள் விலை கேட்கும் ஏலத் தளமான இ-பேயின் விதியிலேயே இருக்கிறது. ‘சொன்னபடி பொருள் இல்லை’ என்று வாங்கியவர் புகார் கொடுத்து அது நிலைத்தால், திருப்பி அனுப்பும் செலவும் விற்றவர் தலையில்தான் விழும். பத்துக் கிலோ வெண்கலம் அமெரிக்காவிலிருந்து விமானத்தில் திரும்பி வர எவ்வளவு ஆகும் என்று ஒரு தரம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதன் தம்பி மாதிரி இன்னொரு தவறும் உண்டு. குத்துவிளக்கை நாம் ஜோடியாக வைத்தே பழகியவர்கள், படத்திலும் இரண்டை நிறுத்துகிறோம். ஏலமோ ஒன்றுக்கு. கீழே விளக்கத்தில் ‘ஒரு விளக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தாலும், படத்தைப் பார்த்து விலை கேட்டவர் இரண்டு வரும் என்றுதான் நினைத்திருப்பார். அடியில் வைத்த தாம்பாளம், பக்கத்திலிருக்கும் பூக்கூடை, குங்குமச்சிமிழ் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். விற்பனைக்கு இல்லாத எதுவும் படத்துக்குள் இருக்க வேண்டாம். பின்னால் வெள்ளையாக ஒரு சார்ட் பேப்பர் போதும்.

பித்தளையும் வெண்கலமும் பிளாஷும்

நம் ஊர்ப் பொருள்களில் படம் பிடிக்கச் சிரமமானவை பளபளப்பான உலோகங்கள்தான். தேய்த்து வைத்த ஒரு பித்தளைக் குடத்தை உற்றுப் பாருங்கள். குடத்தின் நிறம் என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அதைச் சுற்றியுள்ளவற்றின் பிரதிபலிப்பு. ஜன்னல், டியூப்லைட், கைலி கட்டிக்கொண்டு செல்போனோடு நிற்கும் நீங்கள், எல்லாம் அதன் வயிற்றில் தெரியும். பிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு வெடிக்கும், மற்ற இடமெல்லாம் கறுத்துவிடும். வேலைப்பாடு ஒன்றும் தெரியாது.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. நேர்வெயில் படாத திண்ணையிலோ முற்றத்தின் ஓரத்திலோ பொருளை வையுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை வேட்டியைத் திரை மாதிரி கட்டுங்கள். அப்போது உலோகத்தில் பிரதிபலிப்பது வேட்டியின் வெண்மைதான். எல்லாம் ஒரே வெள்ளையாகி விளிம்பு மங்கினால், ஒரு பக்கம் மட்டும் ஒரு கறுப்புத் துணியை ஒல்லியாகத் தொங்கவிடுங்கள், விளிம்பு எடுப்பாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும்போது ‘இன்றைக்கு வெளிச்சம் சரியில்லை’ என்று ஒதுக்கிவிடுகிறோம். பித்தளைக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. மழை விட்டிருக்கும் நேரமாகப் பார்த்து, மேகம் மூடிய பகலில் எடுத்துப் பாருங்கள்.

பகல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். பித்தளை ஒரு பக்கம் தங்கமாகவும் மறுபக்கம் சாம்பலாகவும் வரும். செம்பா, பித்தளையா, வெண்கலமா என்று நிறத்தை வைத்து முடிவு செய்பவர்கள் ஏமாறுவார்கள், ஏமாந்தவர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

நின்றபடி குனிந்து எடுப்பதும் வழக்கமான தப்பு. மேலிருந்து பார்க்கும் லென்சுக்கு விளக்கின் தலை பெரிதாகவும் அடிப்பாகம் சின்னதாகவும் தெரியும். பார்ப்பவருக்கு விளக்கு நிலையாக நிற்குமா என்றே சந்தேகம் வரும். செல்போனைப் பொருளின் பாதி உயரத்துக்கு இறக்குங்கள். ரொம்ப நெருங்காமல் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் உருவம் பிதுங்காது.

குறையை மறைப்பது

இதில்தான் பலருக்கு மனசு வராது. கீறலையும் நசுங்கலையும் காட்டினால் விலை போகாது என்று நினைக்கிறார்கள். அனுபவத்தில் நான் பார்ப்பது இதற்கு நேர்மாறு. குறையைத் தெளிவாகக் காட்டிய பட்டியலில்தான் தயங்காமல் விலை கேட்கிறார்கள், ஏனென்றால் காட்டாத குறை வேறு இருக்காது என்று நம்புகிறார்கள்.

குத்துவிளக்கையே எடுத்துக்கொள்வோம். நாச்சியார்கோவில் விளக்கு ஒரே வார்ப்பு கிடையாது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, திருகி மாட்டுவது. பழைய விளக்கில் முதலில் கெடுவது இந்தத் திருகுமரைதான். தேய்ந்துபோனால் தண்டு ஆடும், தட்டு ஒரு பக்கம் சாயும், எண்ணெய் கசியும். விவரம் தெரிந்தவர் முதலில் தேடும் இடம் இது. முழு விளக்கை நாலு கோணத்தில் எடுத்துப் போடுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். விளக்கைக் கழற்றி, பாகங்களை வரிசையாக வைத்து ஒரு படம், ஒவ்வொரு மரைக்கும் கிட்டத்தில் ஒரு படம். அப்புறம் அடிப்பக்கத்தைக் கவிழ்த்து ஒன்று. இந்த மூன்று வகைப் படமும் இருந்தால் பாதிக் கேள்வி வராது.

பாத்திரங்களில் பற்றுவைத்த இடம், உள்ளே ஈயம் பூசியது எவ்வளவு மிச்சம், அடி கறுத்திருக்கிறதா என்பதைக் காட்டுங்கள். கல்யாணச் சீர் பாத்திரங்களில் பெயரும் தேதியும் பொறித்திருப்பார்கள். நேராக வெளிச்சம் விழுந்தால் அந்த எழுத்து தெரியாது. பக்கவாட்டில், தரையோடு தரையாக வெளிச்சம் வரும்படி வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் நிழலோடு எழும்பி நிற்கும். சேகரிப்பவர்களுக்கு இந்த எழுத்து மதிப்புள்ளது. குடும்பத்தினர் பெயர் வெளியில் தெரிய வேண்டாம் என்றால் அந்தப் பாத்திரத்தை ஏலத்துக்கே விடாதீர்கள். பெயரை அரத்தால் அராவிவிட்டுப் படம் எடுப்பது பொருளையே கெடுப்பது.

படம் எடுப்பதற்காகப் பழைய பொருளைப் புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். புது விளக்கைத் தாராளமாகத் துலக்கலாம். வயதேறிய வெண்கலத்தின் மேல் படிந்த நிறம் அதன் வயதுக்குச் சாட்சி. காசுகளுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பவர்கள் தள்ளிவிடுவார்கள். இரண்டு பக்கத்தையும் நேர்மேலிருந்து, பிளாஷ் இல்லாமல் எடுத்தால் போதும்.

அளவைப் படத்திலேயே காட்டுங்கள். ‘நடுத்தர சைஸ்’ என்று எழுதினால் ஆளுக்கு ஒன்று நினைப்பார்கள். பக்கத்தில் ஸ்கேலோ டேப்போ வைத்து ஒரு படம், எடை மெஷினில் எண் தெரியும்படி ஒரு படம். உலோகப் பொருளுக்கு எடை தெரியாமல் விலை கேட்க ஆள் வராது.

ஓவியமும் பட்டும்

தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு கண்ணாடி மாதிரி நடந்துகொள்ளும். எதிரே இருட்டு அறை இருந்தால் தங்கம் பழுப்பாக, சில இடத்தில் கறுப்பாகவே வரும். எதிரே ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால் உடனே ஒளி வரும். நேராக ஒரு படம் எடுத்த பிறகு, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விழவைத்துச் சாய்வாக ஒன்று எடுங்கள். சுண்ணமும் பசையும் கலந்து மேடாக்கிய வேலைப்பாடு எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பது அதில்தான் தெரியும். பின்பக்கப் பலகையையும் காட்டுங்கள். பூச்சி அரித்திருக்கிறதா என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டும்.

பட்டுப் புடவைக்கு முந்தானை, கரை, உடல், பின்பக்கம் நாலும் வேண்டும். ஊடும் பாவும் வேறு வேறு நிறமாக இருந்தால் கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும், ஒரே படத்தில் அதைக் காட்ட முடியாது. பழைய புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்தால் மடிப்பில் விட்டுப்போன இழைகள் தெரிந்துவிடும். அதையும் போடுங்கள். ஃபில்டர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

படம் ஏற்றும்போது

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பி, அவர் அதை ஏலத் தளத்தில் ஏற்றுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், பெரிதாக்கிப் பார்த்தால் வேலைப்பாடு குழம்பும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். இ-பேயில் நீளமான பக்கம் குறைந்தது 500 பிக்சல் இருக்க வேண்டும், 1600 இருந்தால் நல்லது என்கிறார்கள். ஒரு பொருளுக்கு 24 படம் வரை இடம் உண்டு. ஒன்றிரண்டோடு நிறுத்த ஒரு காரணமும் இல்லை.

படத்தின் மேல் கடைப் பெயர், போன் நம்பர், ‘ஆஃபர்’ என்று எழுதுவதும் பார்டர் போடுவதும் அங்கே விதிமீறல். படத்தை வேறு தளத்தில் வைத்து இணைப்பு மட்டும் கொடுப்பதும் ஆபத்து. 2017இல் படங்களைச் சேமித்து வைக்கும் தளமான ஃபோட்டோபக்கெட் தன் விதியை மாற்றியபோது, அதை நம்பியிருந்த விற்பனைப் பக்கங்களில் பொருள் படம் மறைந்து அறிவிப்புப் படம்தான் தெரிந்தது. நேராக ஏலத் தளத்திலேயே ஏற்றுங்கள்.

செல்போன் கேமராவில் இருப்பிட வசதி திறந்திருந்தால் படக் கோப்புக்குள் உங்கள் வீட்டின் இடம் பதிந்துவிடும். வெள்ளி, பஞ்சலோகம் மாதிரிப் பொருளைப் படம் எடுப்பதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள்.

புதியதைப் பழையதாகக் காட்டுவது

புதுச் சிலைக்குக் களிம்பு ஏற்றி, மங்கிய வெளிச்சத்தில் எடுத்து, ‘சோழர் காலத்துப் பாணி’ என்பதில் பாணியை விட்டுவிட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்தபதியின் இன்றைய உழைப்புக்கு இது அவமரியாதை. சட்டச் சிக்கலும் கூட. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிலை, நாணயம் போன்றவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. புதுச் சிலையாகவே இருந்தாலும் பழையது போலக் காட்டினால் சுங்கத்தில் நிற்கும், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கேட்பார்கள். உண்மையிலேயே பழைய கோயில் சிலை கைக்கு வந்தால் படம் எடுத்து ஏலம் விடும் பேச்சே கிடையாது, அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும். கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவின் கான்பெரா அருங்காட்சியகம் வரை போய், 2014இல் திரும்பி வந்தார். அவரை அடையாளம் காட்டியதில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய படங்களுக்குப் பெரும் பங்குண்டு.

ஏலம் முடிந்த பிறகும் படத்துக்கு வேலை இருக்கிறது. அனுப்புவதற்கு முன் பொருளைக் கடைசியாக ஒருமுறை எடுங்கள். பெட்டிக்குள் வைத்தது, சுற்றியது, ஒட்டியது, ரசீது ஒட்டிய பெட்டி என்று வரிசையாக எடுத்து, வாங்கியவர் புகார் கொடுக்கும் கெடு தாண்டும்வரை அழிக்காமல் வையுங்கள். வழியில் அடிபட்டதா, முதலிலேயே நசுங்கியிருந்ததா என்ற வாதம் வந்தால் கொடுக்க அவைதான் இருக்கும்.