வியன்னா என்சாம்பிள் ப்ரோ: ஒலி தடுமாறுவதைவிட சேமிப்பு குழம்புவதுதான் பெரிய தலைவலி

ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட் (எல்லா வாத்தியங்களையும் முன்கூட்டியே அடுக்கிவைத்த மாதிரி ப்ராஜெக்ட்) என்றால் இப்போதெல்லாம் முன்னூறு, நானூறு டிராக் சர்வசாதாரணம். முதல் வயலினுக்கு மட்டுமே லெகாட்டோ, ஸ்டக்காட்டோ, ட்ரெமோலோ, பிட்சிகாட்டோ என்று வாசிப்பு முறைக்கு ஒன்றாகத் தனித்தனி டிராக், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று மைக் நிலைகள். அத்தனையையும் கியூபேஸ், லாஜிக் மாதிரி ஒரு சீக்வென்சருக்குள்ளேயே (இசையைப் பதிந்து தொகுக்கும் மென்பொருள்) ஏற்றினால், ஒரு ப்ராஜெக்டை மூடி அடுத்ததைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் டீ குடித்துவிட்டு வரலாம். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கத்தான் ஆஸ்திரியாவின் வியன்னா சிம்போனிக் லைப்ரரி நிறுவனம் வியன்னா என்சாம்பிள் ப்ரோவைக் கொண்டுவந்தது. வாத்தியங்கள் எல்லாம் சர்வர் என்ற தனி மென்பொருளில் ஏற்றப்பட்டு அங்கேயே இருக்கும். சீக்வென்சரில் ஒரு சின்ன ப்ளக்-இன் (துணை மென்பொருள்) மட்டும் உட்கார்ந்து மிடியை, அதாவது எந்தச் சுரத்தை எப்போது வாசிப்பது என்ற தகவலை, அனுப்பும், ஒலியைத் திரும்ப வாங்கும்.

இதை வாங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், இன்னொரு கணினிக்கு ஆர்டர் கொடுப்பது. அவசரம் வேண்டாம். சர்வர் அதே கணினியிலும் ஓடும். உங்கள் டெம்ப்ளேட் ஒரே கணினியின் ரேமில் அடங்குகிறது என்றால், இரண்டாவது பெட்டி வந்து நெட்வொர்க் தொல்லையைத்தான் கூட்டும். மொத்தமே நாற்பது டிராக்தான் என்றால் சர்வரே தேவையில்லை என்பேன்.

சரி, தேவை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உண்மையில் அடி விழும் இடம், எது எங்கே சேமிக்கப்படுகிறது என்ற தெளிவு இல்லாததுதான்.

ப்ளக்-இன்னில் ப்ரிசர்வ், டீகப்பிள் என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. ப்ரிசர்வ் போட்டால், சீக்வென்சர் ப்ராஜெக்டை மூடினாலும் சர்வரில் ஏற்றிய வாத்தியங்கள் அப்படியே இருக்கும். டீகப்பிள் வேறு வேலை. அது இல்லாத நிலையில், அந்த இன்ஸ்டன்ஸில் (ப்ளக்-இன் இணைந்திருக்கும் சர்வர் தொகுதி) உள்ள எல்லா வாத்தியங்களின் நிலையையும் சீக்வென்சர் ப்ராஜெக்ட் தன்னுள்ளே எழுதிக்கொள்ளும். கோப்பு ஊதிப்போகும், ஆட்டோசேவ் வரும்போதெல்லாம் எல்லாம் உறைந்து நிற்கும். டீகப்பிள் போட்டால் எந்த இன்ஸ்டன்ஸோடு இணைவது என்ற தகவலை மட்டும்தான் ப்ராஜெக்ட் வைத்துக்கொள்ளும். சேமிப்பு நொடியில் முடியும்.

ப்ரிசர்வை மட்டும் போட்டுவிட்டு டீகப்பிளை மறப்பவர்கள் உண்டு. வாத்தியம் ஏற்கெனவே ஏறியிருந்தாலும், ப்ராஜெக்ட் தன்னிடமிருக்கும் பழைய நிலையைச் சர்வரின் மேல் எழுதப் பார்க்கும். எதற்காக இந்த மென்பொருளை வாங்கினோமோ அந்தப் பலனே போய்விடும்.

டீகப்பிள் போட்டவர்களுக்கு வரும் வினை இன்னும் மோசம். சீக்வென்சரில் சேவ் செய்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். சர்வரில் புதிதாகச் சேர்த்த செல்லோவும் ஈக்யூவும் (ஒலித்தன்மையைத் திருத்தும் கருவி) சர்வர் ப்ராஜெக்டைத் தனியாகச் சேமித்தால்தான் தங்கும். மின்சாரம் போனாலோ, உள்ளே ஏதாவது ஒரு ப்ளக்-இன் முரண்டு பிடித்துச் சர்வரையே கவிழ்த்தாலோ, சேர்த்ததெல்லாம் காலி. இரண்டாவது கணினிக்கும் யுபிஎஸ் வேண்டும் என்பது பலருக்கு அன்றைக்குத்தான் நினைவுக்கு வரும்.

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. டீகப்பிள் செய்த டெம்ப்ளேட் எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவானது. ஒரு படத்தின் முதல் ரீலுக்காகச் சர்வரில் ஹார்னை 3 டெசிபல் குறைத்தால், ஏற்கெனவே ஓகே ஆன நாலாவது ரீலிலும் ஹார்ன் குறைந்திருக்கும். இயக்குநர் கேட்டுவிட்டு ‘அன்னைக்கு நல்லா இருந்துச்சே’ என்பார். காரணம் உடனே பிடிபடாது. ஆகவே டெம்ப்ளேட்டில் வாத்தியங்களின் ஒலி அளவுகளைச் சமன்செய்து முடித்தபின் சர்வரின் ஃபேடர்களைத் தொடக்கூடாது. ஏற்ற இறக்கம் எல்லாம் சீக்வென்சரின் மிடியிலோ, அங்கே திரும்பி வரும் ஒலிச் சேனலிலோதான். ஒரு பாட்டுக்கு மட்டும் விசேஷமாக ஏதாவது வாத்தியம் வேண்டுமா? அதற்கு டீகப்பிள் போடாத ஒரு தனி இன்ஸ்டன்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது நேராகச் சீக்வென்சரிலேயே ஏற்றுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் சர்வர் ப்ராஜெக்டைப் புதுப் பெயரில் நகலெடுத்து, அந்தப் படத்தின் ஃபோல்டரிலேயே போட்டுவிடுவதும் நல்லது.

வாத்தியங்கள் மூடப்படாமல் இருப்பதால் வரும் வேடிக்கை ஒன்று உண்டு. முந்தைய ப்ராஜெக்ட் கடைசியாக அனுப்பிய கன்ட்ரோலர் மதிப்பு அப்படியே தங்கிவிடும். அங்கே மாட் வீல் (கீபோர்டில் வாசிப்பின் அழுத்தத்தை மாற்றும் சக்கரம்) பூஜ்யத்தில் நின்றிருந்தால், இங்கே ஸ்ட்ரிங்ஸ் மொத்தமும் ஏறத்தாழ ஊமை. இன்ஸ்டால் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இன்ஸ்டால் செய்தவர்கள்கூட இருக்கிறார்கள். ஒவ்வொரு டிராக்கின் தொடக்கத்திலும் சிசி 1 (மாட் வீல்), சிசி 7 (வால்யூம்), சிசி 11 (எக்ஸ்பிரஷன்) ஆகிய மூன்று கன்ட்ரோலருக்கும் ஒரு ஆரம்ப மதிப்பை எழுதிவைத்தால் தீர்ந்தது. வாசிப்பு முறையை மாற்றும் கீஸ்விட்ச்சுக்கும் இதே கதைதான்.

அப்புறம் த்ரெட் கணக்கு, அதாவது ப்ராசஸர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைச் சரடுகளின் கணக்கு. சர்வரின் அமைப்புகளில் ஒரு இன்ஸ்டன்ஸுக்கு எத்தனை த்ரெட் என்று கேட்கும். அதிகம் போட்டால் வேகம் கூடும் என்பது நினைப்புதான். இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கையை அந்த எண்ணால் பெருக்கினால் வருவது, ப்ராசஸரின் மொத்த த்ரெட்டைத் தாண்டக்கூடாது. 16 த்ரெட் ப்ராசஸர், நாலு இன்ஸ்டன்ஸ் என்றால் ஆளுக்கு நாலு. வாத்தியத்துக்கு ஒரு இன்ஸ்டன்ஸ் என்று ஐம்பது திறக்காமல், ஸ்ட்ரிங்ஸ், உட்விண்ட், பிராஸ், பெர்கஷன் என்று பிரித்தால் இந்தக் கணக்கு தானாகவே அடங்கும். சர்வரே வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதால், உள்ளே ஓடும் கான்டாக்டின் (சாம்பிள்களை வாசிக்கும் மென்பொருள்) மல்டிபிராசஸர் வசதியை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே கோர்களுக்காக மோதிக்கொண்டால் ஒலி வெடிக்கும்.

கான்டாக்ட் அமைப்புகளைத் திறந்த கையோடு ப்ரீலோட் அளவையும், அதாவது ஒவ்வொரு சாம்பிளிலும் எவ்வளவு முன்கூட்டியே ரேமில் ஏறுகிறது என்பதையும் பாருங்கள். சாம்பிள்கள் எஸ்எஸ்டியில் இருந்தால் வழக்கமான 60 கேபி தேவையில்லை. குறைத்தால் ரேம் கணிசமாக மிச்சமாகும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் குறைக்காதீர்கள்.

ப்ளக்-இன்னில் பஃபர் (ஒலியைச் சற்று தேக்கிவைத்து அனுப்பும் இடம்) எண்ணிக்கையும் தேர்வு செய்யலாம். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் என்பது சுமார் 5.3 மில்லிசெகண்ட். இரண்டு பஃபர் வைத்தால் கூடுதலாக 10.7 மில்லிசெகண்ட் தாமதம். பிளேபேக்கில் சீக்வென்சர் இதை ஈடுகட்டிவிடும், கீபோர்டில் வாசிக்கும்போது விரல் உணரும். சிலர் உடனே பூஜ்யமாக்கிவிட்டு, ப்ராசஸர் திணறுகிறது என்று புலம்புவார்கள். வாசிக்கும்போது குறைவாகவும் மிக்ஸில் அதிகமாகவும் வைத்துக்கொள்வதுதான் நடைமுறை.

இரண்டு கணினி என்றால் கேபிள் மட்டுமே. வைஃபை பேச்சே வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட்டில் ஒரு ஸ்டீரியோ ஜோடிக்கு நொடிக்கு ஏறத்தாழ 3 மெகாபிட் ஆகும். 100 மெகாபிட் பழைய சுவிட்ச் முப்பது ஜோடியிலேயே மூச்சு வாங்கும், கிகாபிட் தாராளமாகத் தாங்கும். இரண்டு பக்கமும் நிலையான ஐபி முகவரி, மென்பொருளின் ஒரே பதிப்பு, ஸ்லீப் மோட் அணைப்பு ஆகியவை போதும்.

ரிவர்ப் (அரங்க எதிரொலி) விஷயத்தில் மட்டும் ஆரம்பத்திலேயே முடிவெடுங்கள். ப்ராசஸர் சுமையைக் குறைக்க எல்லா வாத்தியத்தையும் சர்வருக்குள் ஒரே ரிவர்ப்புக்கு அனுப்புவது வசதிதான். ஆனால் மிக்ஸ் இன்ஜினியர் ஸ்டெம் (வாத்தியக் குடும்பவாரியாகப் பிரித்த ஒலிக் கோப்பு) கேட்கும் நாளில், பிராஸின் எதிரொலியும் ஸ்ட்ரிங்ஸின் எதிரொலியும் ஒரே கோப்பில் கலந்து நிற்கும், பிரிக்கவே முடியாது. குடும்பத்துக்கு ஒரு ரிவர்ப் வைத்து, அந்த ரிவர்ப் ஒலியும் அந்தக் குடும்பத்தின் வெளியீட்டிலேயே வரும்படி இணையுங்கள். இன்னும் எளிது, ரிவர்ப்பைச் சீக்வென்சரிலேயே வைப்பது. அதற்காக ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி வெளியீடு திறந்தால் ப்ராசஸர், நெட்வொர்க் இரண்டிலும் சுமை ஏறும். என்னென்ன ஸ்டெம் கொடுக்கவேண்டும் என்று முதலில் எழுதிவைத்து, அத்தனை வெளியீடுகளை மட்டும் திறங்கள்.

ஸ்டெம்களை அனுப்பியதும் ஒவ்வொரு டிராக்கையும் ஆடியோவாக எடுத்து, மிடி கோப்போடும் சர்வர் ப்ராஜெக்டோடும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். சில வருடங்கள் கழித்து தயாரிப்பாளர் டிரெய்லருக்காக அதே இசையைக் கேட்கும்போது, அன்றைய லைப்ரரி பதிப்பும் லைசென்ஸும் உங்கள் கணினியில் இருக்கும் என்று சொல்லமுடியாது.