தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டும்போது எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது, எப்படி எழுதுவது: புதியவர்களுக்கான செய்முறை

சிப், போன், கார், சர்வர் என எதைத் தயாரிக்கும் நிறுவனமாக இருந்தாலும், வெளியாட்களை ஆலைக்குள் அழைக்கிறது என்றால் அதற்கு ஒரு தேவை இருக்கும். முதலீட்டாளரைக் கவர வேண்டும், வேலைக்கு ஆள் வேண்டும், அல்லது கெட்ட பெயரைத் துடைக்க வேண்டும். நீங்கள் நடக்கப்போகும் பாதையில் சட்டப் பிரிவும் விளம்பரப் பிரிவும் உங்களுக்கு முன்பே நடந்து பார்த்திருப்பார்கள். அதனால் உங்கள் கண்ணில் படுபவை பெரும்பாலும் ஏற்கெனவே வெளியே தெரிந்தவை, அல்லது பார்த்தாலும் காப்பியடிக்க முடியாதவை. இது தெரிந்து போகிறவருக்கு அந்த இரண்டு மணி நேரம் வீணாகாது.

நிறுவனங்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. பிரிட்டன் தன் ஜவுளி இயந்திரங்களை ஏற்றுமதி செய்யத் தடை போட்டிருந்த காலத்தில், பாஸ்டன் வணிகர் ஃபிரான்சிஸ் கபட் லோவெல் அங்குள்ள பஞ்சாலைகளைச் சுற்றிப் பார்த்து, விசைத்தறியின் அமைப்பை மனதில் பதித்துக்கொண்டு ஊர் திரும்பினார். 1814-ல் பாஸ்டனுக்கு அருகிலுள்ள வால்தமில் அவருடைய ஆலை ஓடத் தொடங்கியது. இன்றைய சட்டத்திலும் இதே கவலைதான் அடிப்படை. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் எனப்படும் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தின் 39-வது பிரிவுப்படி, ஒரு தகவல் வர்த்தக ரகசியமாகப் பாதுகாப்புப் பெற வேண்டுமானால், அதைக் காக்க நிறுவனம் நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதும், வாசலில் கையெழுத்து வாங்குவதும் அதற்கான சாட்சியங்கள். அவற்றை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

படி 1: போவதற்கு முன் வெளியே கிடைப்பதை எல்லாம் படியுங்கள்

காப்புரிமை விண்ணப்பங்கள் பொதுவாக முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 18 மாதங்களில் வெளியாகிவிடும். அதில் இருப்பது ரகசியம் இல்லை. ஆண்டறிக்கை, சுற்றுச்சூழல் அனுமதி ஆவணங்கள், வேலை விளம்பரங்கள் மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். அனுமதி ஆவணத்தில் தண்ணீர், ரசாயனம், உற்பத்தித் திறன் பற்றிய எண்கள் இருக்கும். எந்த இயந்திரத்தில் அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று வேலை விளம்பரமே சொல்லிவிடும்.

ரகசியம் எங்கே இருக்கிறது என்பதையும் இப்போதே புரிந்துகொள்ளுங்கள். சிப் ஆலையில் இயந்திரம் ரகசியமே இல்லை. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் தயாரிக்கும் ஈயுவி இயந்திரத்தைத்தான் (சிப்பில் மிக நுண்ணிய வடிவங்களை ஒளியால் பதிப்பது) சிப் தயாரிப்பாளர்களான டிஎஸ்எம்சி, சாம்சங், இன்டெல் மூன்றும் வாங்குகின்றன. அவை காப்பது ரெசிபியை: எந்த வாயு எவ்வளவு, எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எத்தனை விநாடி என்ற விவரங்களை. தயாரிப்பைக் கடையில் வாங்கிப் பிரித்துப் பார்த்துவிடலாம். செய்த முறையை அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆலைக்குள் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க விட்டாலும் திரையை அணைத்து வைப்பது இதனால்தான்.

படி 2: ஒப்பந்தத்தை வாசலில் வைத்துப் படிக்காதீர்கள்

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். நான்கு இடங்களில் அடிக்கோடு போடுங்கள். முதலில், 'ரகசியத் தகவல்' என்பதற்கான வரையறை. 'வளாகத்தில் பார்க்கும், கேட்கும் அனைத்தும்' என்று இருந்தால், கேன்டீன் கூட அதற்குள் அடங்கிவிடும். 'ரகசியம் எனக் குறிப்பிட்டுச் சொல்லப்பட்டவை' என்று மாற்றக் கேளுங்கள். அடுத்து, ஏற்கெனவே பொதுவெளியில் இருப்பவற்றுக்கு விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். படி 1-ல் படித்ததையெல்லாம் தேதியோடு சேமித்து வைத்திருந்தால் இந்த விலக்கு உங்களைக் காப்பாற்றும். மூன்றாவது, எத்தனை ஆண்டுகள். நான்காவது, வெளியிடும் முன் அவர்கள் பார்ப்பது படங்களை மட்டுமா, முழுக் கட்டுரையையுமா. கட்டுரையை முழுதாக அவர்கள் கையில் கொடுக்கச் சம்மதித்தால், அதன் பிறகு அது உங்கள் எழுத்தாக இருக்காது.

படி 3: கருவிகள்

போன் அனுமதிக்கப்பட்டால், படங்கள் தானாக கிளவுடுக்கு ஏறுவதை நிறுத்துங்கள், இருப்பிடப் பதிவையும் அணையுங்கள். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கும்: 'அழித்துவிட்டேன்' என்று சொன்ன படம் வேறொரு கணினியில் ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கும். கண்ணாடிச் சுவரைப் படம் எடுத்தால் எதிர்ப்பக்கத் திரையின் பிம்பமும் சேர்ந்து விழும். ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

தூய அறைக்குள், அதாவது காற்றில் தூசி மிகக் குறைவாக வைக்கப்படும் உற்பத்திக் கூடத்துக்குள், சாதாரண நோட்டும் பென்சிலும் போகாது. நார்களும் கரித்துகளும் உதிரும். தூய அறைக்கென உள்ள தாளைக் கேட்டு வாங்குங்கள். கையில் முள் உள்ள சாதாரணக் கடிகாரம் இருக்கட்டும், படி 5-க்குத் தேவைப்படும்.

படி 4: பாதையை வரையுங்கள், விடுபட்டதைக் குறியுங்கள்

இதைச் செய்யாமல் மற்றப் படிகளை மட்டும் செய்தால் அரைப் பலன்தான். போவதற்கு முன், அந்தப் பொருள் உருவாகும் கட்டங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். காருக்கு என்றால்: தகடு அழுத்துதல், வெல்டிங், பெயின்ட், இறுதி அசெம்பிளி, சோதனை. நடக்கும்போது பார்த்ததற்கு டிக் போடுங்கள். டிக் விழாத இடங்களைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

ஃபோக்ஸ்வாகன் 2001-ல் டிரெஸ்டன் நகரில் திறந்த 'கண்ணாடி ஆலை' இதற்கு நல்ல பாடம். சுவரெல்லாம் கண்ணாடி, தரையில் மேப்பிள் மரப்பலகை, சத்தமில்லாத அசெம்பிளி. பார்க்க வந்தவர் ஒரு கார் பிறப்பதை முழுக்கப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு போனார். ஆனால் அங்கே அப்போது தயாரான ஃபேட்டன் காரின் உடல், ட்ஸ்விக்காவ் என்ற வேறொரு நகரில் வெல்டிங், பெயின்ட் எல்லாம் முடிந்து லாரியில் வந்து சேர்ந்தது. புகை, இரைச்சல், தீப்பொறி உள்ள வேலை எதுவும் அந்தக் கண்ணாடிக்குள் நடக்கவில்லை. அங்கே காட்டியதில் பொய் கிடையாது. ஆனால் கண்ணாடியின் எல்லையை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது நிறுவனம். எந்த ஆலையிலும் நீங்கள் வரைய வேண்டியது அந்த எல்லையைத்தான்.

சிப் ஆலையில் இன்னொரு சிக்கல். ஒரு வேஃபர், அதாவது பல சிப்களைத் தாங்கும் சிலிக்கான் வட்டத்தட்டு, முடிந்து வெளிவரப் பல வாரங்கள் ஆகும். கண்ணாடி வழியாக நீங்கள் பார்ப்பது தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் பெட்டிகளை, ஒவ்வொன்றிலும் 25 வேஃபர்கள் வரை. மஞ்சள் வெளிச்சம் தெரிந்தால் அது வடிவங்களை ஒளியால் பதிக்கும் லித்தோகிராஃபி பகுதி. ஒளிக்கு வினைபுரியும் பூச்சை நீல, புற ஊதா ஒளி கெடுத்துவிடும் என்பதால் அந்த நிறம். உள்ளே இருக்கும் மனிதர்களின் உடல் முழுக்க மூடும் தூய அறை உடை சாதாரண வெள்ளை. 1997-ல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின்போது வந்த விளம்பரத்தில் இன்டெல் அதே உடையைப் பளபளக்கும் வண்ணங்களில் தைத்து ஆட விட்டது. உள்ளே காட்ட முடியாத ஒரு வேலைக்கு வெளியே முகம் கொடுத்த விதம் அது.

படி 5: எண்ணுங்கள்

லைனின் கடைசி நிலையத்தில் நின்று, அடுத்தடுத்து வெளிவரும் 10 பொருள்களுக்கு நேரம் பாருங்கள். 240 விநாடி ஆனால் ஒன்றுக்கு 24 விநாடி, மணிக்கு 150. இடைவேளை போக 20 மணி நேரம் ஓடினால் நாளொன்றுக்கு 3,000. 'தினமும் ஒரு லட்சம்' என்று வழிகாட்டி சொன்னால், இதே வேகத்தில் 33-க்கும் மேற்பட்ட லைன்கள் வேண்டும். இரண்டுதான் கண்ணில் பட்டதா? மற்றவை எங்கே என்று கேளுங்கள். ஒரே ஒரு லைனை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விருந்தாளிகளுக்காக லைனை மெதுவாக ஓட்டுவது உண்டு. குறையுள்ள பொருள்களைத் திருத்தும் ரீவொர்க் மேசை எவ்வளவு பெரியது, அதில் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லாத கழிவு விகிதத்தின் சாயல் அங்கேதான் தெரியும்.

மேடையில் அதிகாரி தூக்கிக் காட்டும் வேஃபரும் பேசும். விட்டம் 300 மி.மீ. நடு வரிசையில் குறுக்கே 25 சிப், நெடுக்கே 30 என்றால் ஒரு சிப் 12 × 10 மி.மீ., அதாவது 120 சதுர மி.மீ. ஓரத்தில் அறுபடுபவை போக ஏறத்தாழ 530 சிப் தேறும். படம் சாய்வாக இருந்தால் அகலம் குறைந்து தெரியும், நேராக உள்ள படத்தையே எடுங்கள். அவற்றில் எத்தனை நல்ல சிப் என்பது கண்ணுக்குத் தெரியாது. கையில் இருந்தது எந்தத் தயாரிப்பின் வேஃபர் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

படி 6: பதில் வரக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்

'உங்கள் யீல்டு (செய்தவற்றில் நல்லதாகத் தேறும் விகிதம்) எவ்வளவு?' என்றால் புன்னகைதான் பதில். 'கடந்த ஆண்டைவிட எந்தச் சோதனை நிலையத்தைக் கூட்டினீர்கள்?' என்றால் பொறியாளர் பேசுவார். தூய்மை பற்றிப் பெருமையாகச் சொன்னால், தூய அறைகளுக்கான ஐஎஸ்ஓ 14644-1 தர நிர்ணயத்தில் எந்த வகுப்பு, ஆள் வேலை செய்யும்போது அளந்ததா, சும்மா இருக்கும்போது அளந்ததா என்று கேளுங்கள். வகுப்பு 5 என்றால் ஒரு கன மீட்டரில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520-க்கு மிகக்கூடாது. ஆளில்லா அறையில் இதை எட்டுவது எளிது.

படி 7: மூன்று பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்

அன்று இரவே குறிப்புகளைப் 'பார்த்தது', 'சொன்னது', 'கணித்தது' என்று பிரித்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளினால் வழிகாட்டி சொன்னதெல்லாம் நீங்களே பார்த்ததாக மாறிவிடும். 'முழுக்கத் தானியங்கி' என்பது சொன்னது. 'நாங்கள் நடந்த கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள்' என்பது பார்த்தது.

பயணச் செலவு யாருடையது, உறவு என்ன என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். 2012-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியான ஏபிசியின் நைட்லைன் நிகழ்ச்சிக்கு, தன் பொருள்களைத் தயாரித்துத் தரும் ஃபாக்ஸ்கானின் ஆலைக்குள் போக ஆப்பிள் அனுமதி கொடுத்தது. ஏபிசியின் தாய் நிறுவனமான டிஸ்னியின் தலைவர் அப்போது ஆப்பிள் இயக்குநர் குழுவில் இருந்தார். பார்வையாளர்களுக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்க வேண்டியது அவசியம்.

சரிபார்க்க அனுப்பும்போது எண்களையும் பெயர்களையும் மட்டும் தனிப் பட்டியலாக அனுப்புங்கள். எதையாவது நீக்கச் சொன்னால், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பிரிவைக் காட்டினால் நீக்கிவிடுங்கள். காட்டாவிட்டால் அந்த வரி அப்படியே இருக்கட்டும்.