தொடக்க வகுப்பில் ‘நல்ல சமாரியர்’ உவமையைச் சொல்வது எப்படி?

உவமையைச் சொல்லி முடித்த கையோடு, “ஆகவே, பிறருக்கு உதவ வேண்டும்” என்று கரும்பலகையில் எழுதிவிடுவதுதான் கிறிஸ்தவ மறைக்கல்வி வகுப்புகளில் அதிகம் நடக்கும் தவறு. அது குழந்தைகளுக்கு ஏற்கெனவே தெரியும். லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் இயேசு கதையைச் சொல்லிவிட்டுக் கேள்விதான் கேட்கிறார். ஆசிரியரும் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இந்த உவமை பொருந்தும். சின்ன வகுப்புகளுக்குக் காணாமல் போன ஆட்டின் உவமை நல்லது. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் அரசியலமைப்பின் 28ஆவது பிரிவுப்படி சமயப் பாடத்துக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும்; முன்பே வாங்கிவிடுங்கள்.

இரண்டு மீட்டர் பழுப்புத் துணி ஒன்று எடுத்து, ஒரு முனையை முக்காலியின் மேலும் மறுமுனையைத் தரையிலும் விரியுங்கள். மேலே எருசலேம், கீழே எரிகோ. உண்மையான பாதையும் இப்படித்தான், சுமார் 27 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1000 மீட்டர் இறங்குகிறது. பயணி, குரு (யூதக் கோவில் பூசகர்), லேவியர் (கோவில் பணியாளர்), சமாரியர், கழுதை, சாவடிக்காரர் (வழிப்போக்கர் தங்கும் விடுதிக்காரர்) என ஆறு உருவங்களை ஒரு சாண் உயரத்தில் அட்டையில் வெட்டுங்கள். முகம் வரைய வேண்டாம். இரண்டு நாணயங்களும் தேவை.

தலைப்பை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். ‘நல்ல’ என்ற சொல் முதலிலேயே காதில் விழுந்தால் கதையின் அதிர்ச்சி போய்விடும். அதற்குப் பதிலாக, யூதர்களும் சமாரியர்களும் ஒருவரோடொருவர் பழகாதவர்கள், ஒருவர் பாத்திரத்தில் மற்றவர் தண்ணீர்கூடக் குடிக்கத் தயங்குவார்கள் என்று சொல்லுங்கள். புரியட்டும் என்று உள்ளூர்ச் சாதியையோ மதத்தையோ எடுத்துக்காட்டாக்கவே கூடாது. அந்தக் குடும்பத்துக் குழந்தை உங்கள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கும்.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பயணியைக் கள்வர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போன பிறகு கதையைத் தொடங்குங்கள். நாடகமாக நடிக்கவிட்டால் எல்லாரும் கள்வனாகத்தான் ஆசைப்படுவார்கள், வகுப்பு அடிதடியில் முடியும். குரு வந்தார், பார்த்தார், மறுபக்கமாகப் போனார். லேவியருக்கும் அதே சொற்கள், அதே குரல். ஏளனமாகச் சொன்னால், ‘குருக்கள் கெட்டவர்கள், யூதர்கள் கெட்டவர்கள்’ என்ற எண்ணம் பதிந்துவிடும்.

அடுத்து யார் வருவார் என்று கேட்டு நிறுத்துங்கள். குருவும் லேவியரும் போன பிறகு தங்களைப் போன்ற சாதாரண யூதர் ஒருவரைத்தான் அன்றைய மக்கள் எதிர்பார்த்திருப்பார்கள். சமாரியரை வைத்துவிட்டுச் சில நொடிகள் பேசாதிருங்கள்.

இனி அவசரம் வேண்டாம். அவர் அருகில் போனது, காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டியது, தன் விலங்கின்மேல் ஏற்றியது, சாவடியில் கவனித்தது, இரண்டு தெனாரியம் கொடுத்தது, திரும்பி வருவதாகச் சொன்னது எல்லாவற்றையும் உருவங்களை நகர்த்தியே காட்டுங்கள். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அதைச் சொன்னால்தான் நாணயத்தின் மதிப்பு பிடிபடும்.

பிறகு இயேசுவின் கேள்வி: இந்த மூவரில் அயலாராக இருந்தவர் யார்? பதில் வந்ததும், அடிபட்டவர் கண்விழித்துச் சமாரியரைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்று கேளுங்கள். எந்தப் பதிலையும் சரி, தவறு என்று தீர்ப்பிடாதீர்கள். மௌனம் நீண்டாலும் நீங்களே பதில் சொல்லி நிரப்ப வேண்டாம்.

சாலையில் யாராவது விழுந்துகிடந்தால் என்ன செய்வது என்று ஒரு குழந்தையாவது கேட்கும். தனியாக அருகில் போகாமல் பெரியவரைக் கூப்பிடு, 108க்கு அழைக்கச் சொல் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.