கதைப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதை எழுதப் பழகுகிறவர்கள் பலர், கிடைத்த தலைப்பையெல்லாம் எழுதித் தள்ளுகிறார்கள். மழை என்று ஒரு பக்கம், பிரிவு என்று ஒரு பக்கம். நோட்டு நிறைந்துவிடும், ஆனால் உரையாடல் வராதவருக்கு அப்போதும் உரையாடல் வராது. அதனால் உட்காரும் முன்பே இன்று எதைப் பழகுகிறோம் என்று ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் சுமாராக இருந்தால் இருக்கட்டும்.

உரையாடலையே எடுத்துக்கொள்வோம், நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அப்பா மகனிடம் பணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மகனே, எனக்கு இருநூறு ரிங்கிட் தேவைப்படுகிறது" என்று எழுதினால் கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ எந்த அப்பாவும் அப்படிக் கேட்க மாட்டார். இன்னொரு பக்கம், தமிழ்நாட்டுப் படங்களில் கேட்ட பேச்சை அப்படியே கொண்டுவந்து கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டில் வைக்கிறார்கள். அதுவும் ஒட்டாது.

"சம்பளம் போட்டாச்சாய்யா?"
"இன்னும் இல்லப்பா."
"மோட்டாரு டயரு தேஞ்சி போச்சு."
"வெள்ளிக்கிழம பாக்குறேன்பா."

பணம் என்ற சொல்லே இதில் இல்லை, ஆனாலும் கேட்டாகிவிட்டது, மகனுக்கும் புரிந்துவிட்டது. கேட்க வந்ததை வாய்விட்டுச் சொல்லாமல் கேட்க வைப்பது, இதுதான் பயிற்சி. ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும்போது பக்கத்து மேசைப் பேச்சில் காது கொடுத்தால் போதும், எவ்வளவு விஷயம் சொல்லாமலே நடக்கிறது என்று தெரியும்.

வருணனையில் வேறு தவறு. பிரிக்பீல்ட்ஸ் என்றதும் கூட்டம், பூ வாசம், மசாலா மணம் என்று எல்லாரும் எழுதுவதையே எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அங்கேயே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பூக்காரம்மா நூலைப் பல்லில் கடித்தபடியே விலை சொல்கிறார், மழை வரும்போல இருக்கிறதென்று ஒரு கையால் தார்ப்பாயை இழுக்கிறார். இது ஒன்று போதும்.

அப்புறம், எழுதியதைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போவது. என்னைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அதே காட்சியை ஒரு வாரம் கழித்து, பழையதைப் பார்க்காமல் மறுபடி எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புதியதில் காணாமல் போன வரிகள் பெரும்பாலும் தேவையில்லாதவைதான்.

பயிற்சி எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, எழுத்து தானாக வர வேண்டும் என்பவர்களும் உண்டு. ஆனால் 1950இலேயே மலேசியாவின் தமிழ் நேசன் நாளிதழில் எழுத்தாளர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள், மலேசியத் தமிழ்ச் சிறுகதை வளர்ந்த வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. சொல்லிக்கொடுத்தும் பழகியும் வரக்கூடியதுதான் இது.

யாரிடமாவது படிக்கக் கொடுத்தால் "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எந்த வரியில் சலித்தது, யார் பேசுகிறார் என்று எங்கே குழம்பியது என்று கேட்டு, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள்.