தோற்ற மேட்ச்சைப் பற்றி உருப்படியாக வாதாடுவது எப்படி?

ஃபுட்பாலில் நம் டீம் பெரிய மேட்ச் ஒன்றில் தோற்றதும் முதலில் வாயில் வருவது மேனேஜர் பெயர்தான். அதில் தப்பில்லை, லைன்-அப் (முதலில் இறங்கும் பதினொருவர்) போட்டது அவர்தானே. ஆனால் "ஓவரா யோசிச்சுக் கெடுத்துட்டாரு" என்று ஒரே வரியில் முடித்தால் அப்புறம் பேச ஒன்றுமே இருக்காது, எதிரில் இருப்பவரும் "அப்போ நீயே போய் டீம் போடு" என்று எழுந்து போய்விடுவார். கொஞ்சம் வேலை செய்துவிட்டு வந்தால் அதே கோபத்தை வைத்துக்கொண்டே நல்ல வாதம் செய்யலாம். 2021 மே 29 அன்று போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியை எடுத்துக்கொள்வோம். செல்சி 1, மான்செஸ்டர் சிட்டி 0. சிட்டி மேனேஜர் கார்டியோலா அன்று டிஃபென்ஸுக்கு முன்னால் காவல் நிற்கும் மிட்ஃபீல்டர்களான ரோட்ரி, ஃபெர்னாண்டினியோ இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்தார். இன்றைக்கும் சிட்டி ரசிகர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தால் அரை மணி நேரத்துக்குள் பேச்சு அங்கே வந்து நின்றுவிடும்.

முதலில், மேட்ச் முடிந்த சூட்டில் எதையும் முடிவாகச் சொல்லாதீர்கள். அந்த ஃபைனல் நம்மூர் நேரப்படி இரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. விடியற்காலை மூன்று மணிக்குத் தோன்றுவதெல்லாம் கோபம்தான், அலசல் இல்லை. தூங்கி எழுந்து வாருங்கள்.

அடுத்து லைன்-அப். அதைத் தனியாக வைத்துப் பார்க்காமல் முந்தைய முக்கியமான மேட்ச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிச் சண்டை இங்கேயே தெளிந்துவிடும். அரையிறுதியின் இரண்டாவது மேட்ச்சில் பாரிஸ் கிளப் பிஎஸ்ஜியை 2-0 என்று ஜெயித்த அதே பதினொன்றுதான் ஃபைனலிலும் இறங்கியது, ஒரே ஒரு மாற்றம்: ஃபெர்னாண்டினியோ வெளியே, ஸ்டெர்லிங் உள்ளே. ஆக "டீமையே கலைத்துப் போட்டார்" என்பது உண்மையில்லை. ஆனால் அந்த ஒரு மாற்றம் இன்னொருவரின் வேலையையும் சேர்த்து மாற்றிவிட்டது. குண்டோகன் அந்த சீசனில் லீக்கில் 13 கோல் அடித்து சிட்டியிலேயே அதிகக் கோல் அடித்தவர், அதற்குப் பெரிய காரணம் பின்னாலிருந்து ஓடிவந்து பாக்ஸுக்குள் நுழையும் பழக்கம். ஃபைனலில் அவரையே டிஃபென்ஸுக்கு முன்னால் காவலுக்கு நிறுத்தினார்கள். என்னைக் கேட்டால் அன்றைய பெரிய தப்பு இதுதான். "டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் இல்லை" என்று எல்லோரும் சொல்கிறார்கள், கோல் அடிக்கிற மிட்ஃபீல்டரும் அன்று இல்லாமல் போனார் என்பதைச் சொல்பவர் குறைவு.

இனி கோல். வலைக்குள் பந்து போன நொடியைப் பத்து தடவை பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை, கொஞ்சம் பின்னால் தள்ளி, எதிரணி கோல்கீப்பர் காலில் பந்து இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். 42-வது நிமிடம். செல்சி கோல்கீப்பர் மெண்டி இடது பக்கம் சில்வெலுக்கு அனுப்புகிறார், சில்வெல் தொட்ட வேகத்தில் மவுண்ட்டுக்குத் தள்ளுகிறார், மவுண்ட் நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கிறது. இங்கே நிறுத்துங்கள். செல்சியின் வெர்னர் இடது பக்கமாக ஓடி சிட்டி டிஃபெண்டர் ரூபன் டியாஸைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறார், நடுவில் வாசல் மாதிரி ஓர் இடம் திறக்கிறது, சிட்டியின் ஜின்சென்கோ விரட்டியும் எட்ட முடியாமல் போக செல்சியின் ஹாவெர்ட்ஸ் அந்த இடத்துக்குள் ஓடுகிறார். மவுண்ட்டின் பாஸ், சிட்டி கோல்கீப்பர் எடெர்சன் கையில் லேசாக உரசல், காலி வலை. இப்போது நண்பரிடம் கேட்க வேண்டியது, மவுண்ட்டுக்கு அந்த நேரம் கிடைத்தது யாரால் என்பது. ரோட்ரி இருந்திருந்தால் மவுண்ட்டை நெருக்கியிருப்பார் என்று ஒருவர் சொல்லலாம், மெண்டியிலிருந்து ஓரமாக வந்த பந்துக்கு நடுவில் நிற்பவர் என்ன செய்வார் என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டுமே ரீப்ளேவை நிறுத்திக் காட்டிப் பேசக்கூடிய வாதங்கள்.

அப்புறம், உங்கள் மாற்றுத் திட்டத்தையும் அதே கண்டிப்போடு சோதித்துப் பாருங்கள். ரசிகர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். டூகல் அந்த ஜனவரியில்தான் செல்சிக்கு மேனேஜராக வந்தார், வந்தவர் ஏப்ரல் 17 எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் சிட்டியை 1-0 என்று ஜெயித்தார், மே 8 லீக் மேட்ச்சில் சிட்டியின் சொந்த மைதானமான எத்திஹாட்டிலேயே 2-1 என்று ஜெயித்தார். இரண்டிலும் ரோட்ரி முதலிலிருந்தே ஆடினார். கோப்பை மேட்ச்சில் ஃபெர்னாண்டினியோவும் கூடவே இருந்தார், அப்படியும் தோல்விதான். அந்த மேட்ச்களில் மற்ற இடங்களில் வேறு ஆட்கள் ஆடினார்கள் என்பது நியாயமான பதில், ஆனால் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். "ரோட்ரியைப் போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம்" என்று வெறுங்கையோடு வந்தால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மேனேஜர் கையில் இல்லாததைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டாவது பாதியில் செல்சியின் ரூடிகரோடு மோதி முகத்தில் அடிபட்டு சிட்டியின் டி ப்ரோய்னே 60-வது நிமிடத்தில் வெளியேறினார், அதற்கு எந்தத் திட்டமும் பொறுப்பாகாது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் செல்சியும் முதல் பாதியிலேயே தியாகோ சில்வாவைக் காயத்தால் இழந்தது, கிறிஸ்டென்சன் வந்து கடைசிவரை சமாளித்தார். துரதிர்ஷ்டக் கணக்கு எழுதினால் இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

சப்ஸ்டிட்யூட் நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபெர்னாண்டினியோ 64-வது நிமிடத்தில் வந்தார், அகுவெரோ 77-ல். ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது காவல்காரரை இறக்குவது தன் திட்டத்தைத் தானே திருத்திக்கொண்டது போலத்தான், இதைவிட வலுவான ஆதாரம் கார்டியோலாவை விமர்சிப்பவர்களுக்குக் கிடைக்காது. மேட்ச் முழுக்க சிட்டி கோலை நோக்கிச் சரியாக அடித்த ஷாட் ஒன்றே ஒன்றுதான். பந்து அதிக நேரம் நம் காலில் இருந்தது என்று யாராவது ஆரம்பித்தால் இந்த எண்ணைச் சொல்லுங்கள் போதும்.

பழைய கதையை இழுப்பவர்கள் கட்டாயம் வருவார்கள். 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் பிரெஞ்சு கிளப் லியோனிடம் சிட்டி 3-1 என்று தோற்றதும், அன்று மூன்று டிஃபெண்டர்களை வைத்து ஆடியதும் பேச்சில் வரும். வரட்டும், பொருத்தமான உதாரணம்தான். ஆனால் அதே மேட்ச்சில் 2-1 என்று இருக்கும்போது ஸ்டெர்லிங் காலி கோலுக்கு முன்னால் நின்று மேலே அடித்ததையும், அடுத்த நொடிகளில் லியோன் மூன்றாவது கோல் போட்டதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஃபார்மேஷனை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு மிஸ்ஸான ஷாட்டை மறந்துவிட்டால் எந்த மேனேஜரையும் குற்றவாளி ஆக்கலாம்.

பேச்சு சூடேறினால் ஒரே கேள்வி: "சரி, யாரை உட்காரவைப்பாய்?" ஃபெர்னாண்டினியோ உள்ளே என்றால் வெளியே போவது ஸ்டெர்லிங்கா, மாரெஸா, பெர்னார்டோவா? பெயர் சொல்லாதவரோடு வாதத்தை நீட்ட வேண்டாம். சொல்பவரிடம் அந்த இடத்தில் யார் ஓடுவார், யார் செல்சியின் ரீஸ் ஜேம்ஸைப் பின்னால் தள்ளி வைப்பார் என்று அடுத்த கேள்வி கேளுங்கள், சுவாரசியமான பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

கடைசியாக, பின்னால் நடந்ததைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். 2023 ஜூன் 10 அன்று இஸ்தான்புல்லில் இன்டருக்கு எதிராக ஃபைனலின் ஒரே கோலை அடித்தவர் ரோட்ரி. "பார்த்தியா, அன்னைக்கே இவரைப் போட்டிருக்கணும்" என்று நிறையப் பேர் துள்ளினார்கள். ஆனால் அந்த டீமில் ஹாலண்ட் முன்னால் நின்றார், ஸ்டோன்ஸ் மிட்ஃபீல்டில் ஏறி ஆடினார், ரோட்ரியும் இரண்டு வருடம் வளர்ந்திருந்தார். 2021-ல் கார்டியோலா எடுத்த முடிவைத் தப்பு என்று சொல்ல குண்டோகன் நின்ற இடமும் 64-வது நிமிடமுமே போதும், இஸ்தான்புல் வரை போக வேண்டியதில்லை.