அலெக்சாண்டர் வெள்ளிக் காசு எந்தக் காலத்தது? பார்த்துப் பிரிக்கும் முறை

ஒரு பக்கம் சிங்கத் தோல் போர்த்த கிரேக்க வீரன் ஹெராக்ளீஸின் தலை. மறுபக்கம் கையில் கழுகோடு அரியணையில் கிரேக்கக் கடவுள் சியுஸ். இதுதான் அலெக்சாண்டரின் டெட்ராட்ராக்ம், அதாவது நான்கு திராக்மா மதிப்புள்ள வெள்ளிக் காசு. விற்பவர்கள் பலர் எல்லாவற்றுக்கும் அலெக்சாண்டர் ஆண்ட காலமான 'கிமு 336–323' என்றே சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். அவர் கிமு 323-இல் பாபிலோனில் இறந்த பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பல ஊர்கள் அவர் பெயரிலேயே இதே காசை அடித்தன. அதனால் வாங்கும் முன் நீங்களே பாருங்கள்.

முதலில் எடை. 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். நல்ல காசு 17.2 கிராமை ஒட்டி நிற்கும். தேய்ந்தது கொஞ்சம் குறையும். காந்தத்தை நம்பாதீர்கள், செம்பும் ஈயமும்கூடத்தான் காந்தத்தில் ஒட்டாது.

அடுத்து வடிவம். முற்காலக் காசு தடித்துச் சிறியதாக இருக்கும். 30 மி.மீ.க்கு மேல் தட்டையாக விரிந்திருந்தால் பெரும்பாலும் கிமு 2-ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டீர்கள்.

இப்போது சியுஸின் கால்கள். இங்கே அவசரம் கூடாது. பத்து மடங்கு லென்ஸை எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் வெளிச்சத்தில் கால் மடிப்பு தெரியாது. இரண்டு கால்களும் இணையாக முன்னால் இருக்கின்றனவா, ஒரு கால் பின்னுக்கு இழுத்துக் குறுக்காகப் போகிறதா? குறுக்குக் கால் என்றால் பெரும்பாலும் அலெக்சாண்டர் இறந்த பிறகு அடித்தது. ஆனால் இணைகால் என்பதாலேயே அவர் காலத்தது என்று முடிவு கட்டாதீர்கள். ஆம்ஃபிபோலிஸ், பாபிலோன் ஊர்களின் அக்கசாலைகள் (காசு அடிக்கும் இடங்கள்) அவர் மறைவுக்குப் பிறகும் இணைகாலோடு அடித்திருக்கின்றன. 'அரசர்' என்ற பட்டம் பெயரோடு சேர்ந்திருப்பதும் தனியாக எதையும் நிரூபிக்காது.

முடிவு சொல்வது குறிகள்தான். சியுஸுக்கு முன்னால் உள்ள வெற்றிடத்திலும் அரியணைக்குக் கீழேயும் இருக்கும் சின்னம், எழுத்துக் கூட்டு இரண்டையும் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அமெரிக்க நாணயவியல் கழகத்தின் 'பெல்லா' இணையத் தரவுத்தளத்தில் தேடுங்கள். இலவசம், மார்ட்டின் பிரைஸ் 1991-இல் வெளியிட்ட பட்டியலின் எண்களிலேயே வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஏல நிறுவனங்களின் விவரணையைவிட நான் இதையே நம்புவேன்.

பின்சேர்க்கை: எடை 4.3 கிராம்தான் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது திராக்மா, உருவங்கள் அதேதான், மற்ற படிகள் அப்படியே பொருந்தும். தலையில் ஆட்டுக்கொம்பும் பின்பக்கம் கிரேக்கப் பெண் தெய்வம் அதீனாவும் இருந்தால், அது அலெக்சாண்டரின் தளபதி லைசிமாக்கஸ் அரசரான பின் தொடங்கிய காசு வகை. அதை இந்த முறையில் பிரிக்க முடியாது.